வான் போன பக்கம்

முல்லைத்தீவு
06.10.2024

அன்பு மாமாவுக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் போனில் கதைக்கிறோம், பிறகு இவள் ஏன் மின்னஞ்சலில் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் என்றால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பா. எனக்கும் உங்களோடு கதைக்கும்போது "ஓம் மாமா, இல்லை மாமா" என்பதற்கு மேல் வாய் வராது. எழுதினால் கொஞ்சம் சொல்ல முடிகிறது.

நீங்களும் மாமியும் சுகம்தானே? அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னா. மாமியின் கழுத்து நோ குறைந்துவிட்டதா? நாங்கள் மாதாவின் காவலில் இருக்கிறோம்.

கால் எப்படி என்று கேட்டால் அம்மா உங்களுக்குப் பரவாயில்லை என்றுதான் சொல்லுவா. அது முழு உண்மை இல்லை. முழங்காலுக்குக் கீழே வைத்த பிளேற் அப்படியே இருக்கிறது. கணுக்கால் மடங்கவில்லை. எலும்பு பொருந்திவிடும், ஆனால் குந்தியிருந்து செய்கிற வேலை இனிச் சரிவராது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் குந்தியிருந்து செய்கிற வேலைதானே. போன கிழமை ஊன்றுகோலோடு கரைக்குப் போய், மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்து அதிலிருந்து வலையில் மீன் கழற்றிப் பார்த்தா. மற்றப் பெண்கள் தங்கள் வலைகளை முடித்து எழும்பும்போது அம்மாவின் மடியில் பாதி வலை கிடந்தது. ஆனாலும் பங்கைச் சமனாகக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் அம்மா போகவில்லை.

ஓகஸ்டில் நீங்கள் வந்து, "அக்கா மலைநாடு பாத்ததேயில்லை" என்று கூட்டிக்கொண்டு போனதுதான் அம்மா தன் வாழ்நாளில் போன முதல் சுற்றுலா. எனக்கு லீவு கிடைத்திருந்தால் நானும் வந்திருப்பேன். அந்தப் பயணத்தில் சுற்றுலா வான் மோதிய விபத்துக்குப் பிறகு வைத்தியசாலையில் நீங்கள் அம்மாவிடம், சுற்றுலாக்காரனிடம் நட்டஈடு வாங்காமல் விடமாட்டேன் என்று சொன்னீர்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அது இப்போது எந்த அளவில் நிற்கிறது என்று அறியத்தான் எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டால், "அதை விடு பிள்ளை" என்கிறா.

முன்வீட்டுத் தனுஷா அக்கா உங்களைச் சுகம் விசாரித்தா. என் ஸ்கூட்டியை எடுத்துப் படலையால் வெளிக்கிட்டு, வலப்பக்கத்தாலேயே ஓடிப்போய் மீன் லொறிக்காரனிடம் பேச்சு வாங்கினீர்களே, அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறா. "பிரான்ஸ் மாமா திரும்பி வாறதெண்டால் ரோட்டை மாத்திப் போட்டு வைக்க வேணும்" என்கிறா.

மாமிக்கும் என் அன்பு.

ஆன்சலா


பாரிஸ்
08.10.2024

அன்பு மருமகள் ஆன்சலாவுக்கு,

உன்ர கடிதம் கண்டு சந்தோசம். மன்னிப்பு ஒண்டும் கேக்கத் தேவையில்லை. எங்கட பரம்பரையில முதல் பட்டதாரி நீ. நீ எழுதாமல் ஆர் எழுதுறது? நாங்கள் சுகம். மாமிக்குக் கழுத்து நோ இறங்கி இப்ப தோள்மூட்டில நிக்குது. எனக்கு வேலை கூட.

நட்டஈட்டை விடக் கூடாது. வவுனியாவில சுற்றுலா நடத்துற பரமலிங்கத்தின்ர வான்தானே அது. நீயே பதிவுத் தபாலில அவருக்கு ஒரு கடிதம் போடு. படிச்ச பிள்ளை எழுதினால் அவங்களுக்கு ஒரு பயம் இருக்கும். நடந்தது இதுதான். அவரின்ர றைவர் பெடியன், நிரோஜன் எண்டு, நித்திரை தூங்கியிருக்க வேணும். நானும் மாமியும் பின் சீற்றில இருந்தனாங்கள். நான் கண்ணை மூடியிருந்தனான். சத்தம் கேட்டுத்தான் முழிச்சனான். மலை ஏறேக்க அக்காவுக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் எண்டு அவாவை முன்னுக்கு இருத்தினது. அதால அடி அவாவுக்கு.

அண்டைக்கு நான் போனில எடுத்த படம் ஒண்டையும் இதோட அனுப்புறன். வான் நொறுங்கிக் கிடக்கிற விதத்தைப் பார். அதையும் வைச்சு, றைவரின்ர பிழை எண்டு அழுத்தி எழுது.

தனுஷா அந்தக் கதையை இன்னும் விடேல்லையோ? முப்பது வருசமாய் ஒரு பக்கத்தால ஓடிப் பழகின கை, பிள்ளை. அது தன்ர பாட்டில திரும்பும்.

அக்காவைக் கவனமாய்ப் பார். கிளினிக் போகக் கொஞ்சக் காசு போட்டு விட்டிருக்கிறன்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

மாமா
மெல்ரொன்


முல்லைத்தீவு
03.11.2024

அன்பு மாமாவுக்கு,

நலமா? மாமியின் தோள் நோவுக்கு வைத்தியரிடம் காட்டினீர்களா? இங்கே மழை பிடித்துவிட்டது. ஈரத்துக்கு அம்மாவின் காலில் பிளேற் வைத்த இடம் குடைகிறது. நீங்கள் அனுப்பிய காசு கிடைத்தது.

நீங்கள் சொன்னபடி எழுதி, படத்தையும் பிரதி எடுத்து வைத்துப் பதிவுத் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. லீவு போட்டுவிட்டு வவுனியாவுக்கு நேரே போனேன். வாசலில் நின்று இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தேன். பிறகு அம்மா கவிழ்த்து வைத்த அந்த மீன் பெட்டியை நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பரமலிங்கம் மரியாதையான ஆள். கதிரை போட்டு, தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். அம்மாவின் காலைப் பற்றி விசாரித்தார். நான் நட்டஈடு என்று தொடங்கினதும் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்கட மாமாவோட எல்லாம் கதைச்சு முடிச்சாச்சே, தங்கச்சி. இனி நான் குடுக்கவும் ஒண்டுமில்லை, வாங்கவும் ஒண்டுமில்லை" என்றார். என்ன கதைத்து முடித்தீர்கள் என்று கேட்டேன். "அதை நீங்கள் அவரிட்டக் கேளுங்கோ. அவர் சொன்ன சொல்லுக்கு நிண்ட மனுசன்" என்று எழும்பிவிட்டார்.

பஸ் நெடுங்கேணி தாண்டும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முடித்துவிட்டோம் என்றால் யாரிடமிருந்தோ யாருக்கோ ஏதோ போயிருக்க வேண்டும். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். தெரிந்தால் அம்மாவின் அடுத்த ஒப்பரேசனுக்குத் திட்டம் போடலாம் என்பதற்காகக் கேட்கிறேன். வேறொன்றுக்கும் இல்லை.

இன்னொன்று. இதை உங்களிடம் சொல்வதா என்று தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு அம்மா நன்மை எடுக்கவில்லை. முதல் வெள்ளிகளில் பாதர் வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவருகிறார். "இண்டைக்கு வேண்டாம் பாதர்" என்று அனுப்பிவிடுகிறா. நேற்றுக் கல்லறைத் திருநாளுக்கு ஓட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனோம். அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா, அழுதா, எல்லாம் செய்தா. நன்மைக்கு வரிசை எழும்பியபோது வாங்கிலிலேயே இருந்துவிட்டா. கால் ஏலாது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தக் காலோடு பின்னேரம் அடுப்புக்கு விறகு எடுத்துவந்தா.

பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை எடுக்கக் கூடாது என்று நினைக்கிற அளவுக்கு அம்மாவிடம் என்ன இருக்கிறது, மாமா?

அன்புடன்
ஆன்சலா


பாரிஸ்
17.11.2024

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் சுகமாய் இருப்பீங்கள் எண்டு நம்புறன். பதில் எழுதப் பிந்திப் போச்சு. வேலை.

நான் பரமலிங்கத்திட்டக் காசு வாங்கிப்போட்டுப் பேசாமல் இருக்கிறன் எண்டுதானே நினைக்கிறாய். நீ எழுதேல்லை, ஆனால் நினைச்சுத்தான் எழுதியிருக்கிறாய். ஆன்சலா, அக்கா எனக்குத் தாய் மாதிரி. அவாவின்ர காலுக்கு வாற காசில ஒரு ரூபா எண்டாலும் என்ர கையில பட்டால் அந்தக் கை அழுகட்டும். பரமலிங்கம் யாவாரி, ஆயிரம் கதைப்பான். அவனிட்ட நீ இனிப் போகாத. பொம்பிளைப் பிள்ளை தனியப் போய் நிக்கிற இடமில்லை அது.

அந்த றைவருக்கு எதிராய்ப் பொலிஸ் வழக்குப் போட்டிருக்கு. அது முடியட்டும். அவன் குற்றவாளி எண்டு தீர்ந்தால் காப்புறுதிக்காரன் தானாய் நட்டஈடு தருவான். அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடுவினம். வைத்தியசாலையில பொலிசுக்குச் சொன்னதை அப்பிடியே சொன்னால் காணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அந்தப் பெடியன் உங்களோட கதைக்க வந்தால் சேர்க்க வேண்டாம். அனுதாபம் தேடி வருவாங்கள்.

அக்கா ஏன் நன்மை எடுக்கேல்லை எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? வயசு போகப் போக ஆக்களுக்கு ஒவ்வொரு யோசனை.

மாமா


முல்லைத்தீவு
01.12.2024

அன்பு மாமாவுக்கு,

உங்களுக்கு மன வருத்தம் தந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டும் என்றுதான் தினமும் மன்றாடுகிறோம். இங்கே வெள்ளம் வற்றிவிட்டது. குசினிக்குள் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

நீங்கள் சேர்க்க வேண்டாம் என்று எழுதிய ஆள் வந்தார். நெளுக்குளத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு பையில் அப்பிளும் முந்திரிகையும் கொண்டு வந்து, நிரோஜன் என்று பேர் சொல்லிப் படலைக்கு வெளியே நின்றார். என் வயதுதான் இருக்கும். நான் உள்ளே விடாமல் நின்றேன். அம்மா என்னை விலக்கிவிட்டு, "வாங்கோ தம்பி" என்று கூப்பிட்டா.

நீங்களும் இந்தக் கரையில் வளர்ந்தவர், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வள்ளம் மோதி யாருக்கும் காயம் என்றால் இங்கே வள்ளம் யாருடையது என்று பார்ப்பதில்லை. எஞ்சின் பிடித்து வள்ளத்தை ஓட்டினவன்தான் அடிபட்டவரின் முற்றத்துக்கு வருவான். அடிபட்டவர் கதிரையில் இருப்பார். அவனை இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டான். நின்றபடி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவான். அப்பா ஒருமுறை போய் அப்படி நின்றதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு எங்கள் முற்றத்தில் நடந்தது தலைகீழ். அவர், "அம்மா, என்னை மன்னி..." என்று தொடங்க, அம்மா கையைக் காட்டி நிறுத்தினா. "நீர் அதைச் சொல்லக் கூடாது தம்பி." அவ்வளவுதான் சொன்னா. பிறகு அவரைக் கதிரையில் இருத்தி, அவர் தேத்தண்ணி குடித்து முடியும் வரை தான் ஊன்றுகோலில் நின்றா. நான் இன்னொரு கதிரை கொண்டுவந்து வைத்தேன். அம்மா அதில் இருக்கவில்லை.

அவரின் லைசென்ஸ் நீதிமன்றத்தில் இருக்கிறதாம். பரமலிங்கம் வேலையை விட்டு நிற்பாட்டிவிட்டார். இப்போது அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறார். தண்டப்பணத்தோடு முடிந்துவிடும் என்று சொல்லித்தான் தன்னை ஒத்துக்கொள்ள வைத்தார்கள் என்றார். என்னத்தை ஒத்துக்கொள்ள என்று கேட்டேன். எழும்பிப் படலைப் பக்கம் நடந்தார். படலை வரை கூடப் போய், நீங்கள் நித்திரை தூங்கினீர்களா என்று நேரே கேட்டேன். "அக்கா, நீங்கள் படிச்சனீங்கள். உங்கட மாமாவையே கேளுங்கோ" என்றார்.

ஆகவே கேட்கிறேன். வானில் நீங்கள் எந்த சீற்றில் இருந்தீர்கள் என்று இன்னொரு முறை எழுதுவீர்களா?

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பாலன் பிறப்பு உங்கள் வீட்டுக்குச் சமாதானம் கொண்டுவரட்டும்.

ஆன்சலா


முல்லைத்தீவு
29.12.2024

அன்பு மாமாவுக்கு,

நத்தார் எப்படிப் போனது? யூட்சன் வீட்டுக்கு வந்து நின்றாரா? மகன் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கும் மாமிக்கும் ஆறுதலாக இருக்கும். நத்தாருக்கு நீங்கள் போன் எடுத்தபோது அம்மா என்னிடம் தந்தா. பஸ் வந்துவிட்டது, வேலைக்கு ஏறப் போகிறேன் என்று வைத்துவிட்டீர்கள். நத்தார் அன்றும் வேலை வைக்கிறார்களே என்று அம்மா கவலைப்பட்டா.

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் நீங்கள் முதல் கடிதத்தோடு அனுப்பிய படம் என்னிடம் இருக்கிறது. அதை வான் நொறுங்கிய விதத்துக்காக மட்டுமே பார்த்துவந்தேன். வேலைக்கு ஸ்கூட்டியில் போகும்போது ஒருநாள், அந்த வீதியில் நான் ஓடுவதாக நினைத்துப் பார்த்தேன். பிறகு ஓரமாக நிறுத்தி, போனில் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

பின்னாலிருந்து எடுத்த படம். இலக்கத் தகடு தெரிகிறது. வான் மலை ஏறிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கம் மண்மேட்டில் குத்தி நிற்கிறது. அந்த மண்மேடு வீதியின் வலப்பக்கம். இடப்பக்கத்தில், நாங்கள் எல்லோரும் ஓடுகிற பக்கத்தில், வீதி வெறுமையாகக் கிடக்கிறது.

நித்திரை தூங்குகிறவன் எந்தப் பக்கமும் போவான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ரயர் இழுபட்ட கறுப்புக் கோடு வீதியைக் குறுக்கே வெட்டவில்லை. வலது ஓரத்தோடேயே நேராக வந்து, கடைசியில்தான் மேட்டுக்குத் திரும்புகிறது. நித்திரையில் விலகின வான் அப்படி வராது. இதுதான் என் பக்கம் என்று நம்பி ஓடின வான் அப்படி வரும். படத்தில் கொஞ்சம் மேலே ஒரு பஸ் நிற்கிறது; எதிரே வந்த அந்த பஸ்ஸைக் கண்டதும் இன்னும் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது.

படத்தின் ஓரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையும் தெரிகிறது. கடை வாசலில் உங்களின் வெள்ளைத் தொப்பி ஒரு வாங்கிலில் கிடக்கிறது. அங்கே இறங்கித் தேத்தண்ணி குடித்திருக்கிறீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு அப்போதுதான் வெளிக்கிட்ட ஆட்களில் யார் நித்திரை கொள்வார், மாமா? முன்னுக்கு இருந்தவரா, பின்னுக்கு இருந்தவரா?

நான் ஒன்றும் சொல்லவில்லை. வான் ஏன் அந்தப் பக்கம் போனது என்று மட்டும் கேட்கிறேன்.

புதுவருடம் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

ஆன்சலா


பாரிஸ்
12.01.2025

ஆன்சலாவுக்கு,

எமில்டா மாமி எழுதுறன். நாங்கள் சுகம். நீங்களும் அப்பிடி எண்டு நினைக்கிறன்.

உன்ர கடிதம் வாசிச்ச நாளில இருந்து உன்ர மாமா சாப்பாட்டில கை வைக்கிறேல்லை. இதுக்குத்தானோ உன்னைப் படிப்பிச்சது? நாலு வருசமும் யாழ்ப்பாணத்தில நீ இருந்த அறைக்கு வாடகை கட்டினது ஆர்? லப்டொப் வாங்கித் தந்தது ஆர்? அந்த லப்டொப்பில இருந்துதானே அவரைப் பொலிஸ் மாதிரி விசாரிக்கிறாய்.

நல்லது நினைச்சு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனவர். அதுக்கு வானுக்கும் குடுத்து, வழக்குக்கும் குடுத்து, மாதா மாதம் உங்களுக்கும் குடுத்துக்கொண்டிருக்கிறம். இன்னும் என்ன வேணும்? காசு வேணுமெண்டால் காசு எண்டு கேள். படம், கோடு, தொப்பி எண்டு சுத்தி வளைக்க வேண்டாம்.

அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கு. இந்த வயசில இலங்கை எயாப்போட்டில இறங்கப் பயப்பிடுற நிலைமை அவருக்கு வரக் கூடாது. இனி இதைப் பற்றி எழுதாத.

எமில்டா


முல்லைத்தீவு
19.01.2025

அன்பு மாமிக்கு,

உங்கள் தோள் நோ எப்படி இருக்கிறது? குளிருக்குக் கூடியிருக்கும். மாமாவைக் கட்டாயம் சாப்பிடச் சொல்லுங்கள்.

அறை வாடகையையும் லப்டொப்பையும் நான் மறக்கவில்லை. இந்த லப்டொப்பில் எழுதிய முதல் கட்டுரைக்குக் கிடைத்த புள்ளியைக் கூட மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். நீங்கள் எழுதியதற்குக் கோபமில்லை. காசும் வேண்டாம்.

பரமலிங்கம் உங்களுக்குத் தரவேண்டிய இடத்தில், வானுக்கு நீங்கள் ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் சொன்ன "வாங்கவும் ஒண்டுமில்லை" இப்போதுதான் விளங்குகிறது. மாமா காசு வாங்கியிருப்பார் என்று நினைத்த நாட்களுக்காக வெட்கப்படுகிறேன்.

அம்மாவுக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. மார்ச் 27ஆம் திகதி சாட்சி சொல்லப் போக வேண்டும்.

ஆன்சலா


பாரிஸ்
16.02.2025

அன்பு மருமகளுக்கு,

எப்பிடி இருக்கிறீங்கள்? அக்காவின்ர கால் நோ குறைவோ? எனக்குப் பரவாயில்லை. மருந்து மாத்தித் தந்திருக்கினம்.

கனக்க எழுதத் தெரியேல்லை. அண்டைக்கு நல்ல வெய்யில். மழை பெய்து கழுவி விட்ட மாதிரி வடிவான ரோட்டு. அந்தப் பெடியனும் நல்ல பெடியன், கேட்டதுக்கு மறுக்கத் தெரியாதவன். வெளிநாட்டில இருந்து வந்த மனுசன் ஆசையாய்க் கேட்டால் ஆர்தான் மறுப்பினம்? சரி, அதை விடு.

வழக்கு முடிய அவனுக்கு ஒரு ஓட்டோ எடுத்துக் குடுக்க ஒழுங்கு செய்திருக்கிறன். பரமலிங்கத்துக்கும் தெரியும். ஒருத்தருக்கும் நட்டமில்லை. அக்காவுக்கும் காப்புறுதிக் காசு வரும். அக்கா எனக்கு வாக்குத் தந்தவா. அவா வாக்கு மாறாதவா.

நான் உனக்கு முதல் எழுதின கடிதம், பின் சீற்றில இருந்தனான் எண்டு எழுதினது, அதை அழிச்சு விடு பிள்ளை. படத்தையும்.

உன்ர அப்பாவும் நானும் முந்திச் சேர்ந்து தொழிலுக்குப் போனது உனக்குத் தெரியாது. நீ பிறக்கேல்லை. ஒருநாளும் அவர் என்னிட்ட எஞ்சினைத் தரமாட்டார். "நீ கடலைப் பாக்கிறேல்லையடா மெல்ரொன், வடிவைப் பாக்கிறாய்" எண்டுவார்.

மாமா


முல்லைத்தீவு
02.03.2025

அன்பு மாமாவுக்கு,

மருந்து ஒத்துக்கொள்கிறதா? உப்பைக் குறையுங்கள். உங்களுக்குப் பிடித்த கருவாட்டை நான் அனுப்பாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாமியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடிதத்தை அழிக்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. அப்பா சொன்னதாக நீங்கள் எழுதியதைப் பல தடவை வாசித்தேன். அப்பாவின் குரல் எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு நன்றி.

பரமலிங்கத்துக்கு இனி நான் எழுதப் போவதில்லை. காப்புறுதிக்கு நிரப்பிய விண்ணப்பத்தையும் அனுப்பவில்லை. நட்டஈடு வேண்டாம் என்று பெரிய மனதாய் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு அது வேண்டும். அம்மா நாள் முழுக்கக் கதிரையிலிருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. ஒரு சின்னக் கடை போட்டுக் கொடுத்தால் நிமிர்ந்துவிடுவா. ஆனால் தான் ஓடாத வானுக்கு நிரோஜன் குற்றவாளி ஆனால்தான் அந்தக் காசு வரும் என்றால், அந்தக் கடையில் அம்மா சாமான் நிறுத்துக் கொடுக்கமாட்டா. அவருக்கு நீங்கள் ஓட்டோ எடுத்துக் கொடுப்பீர்கள். லைசென்ஸ் இல்லாமல் அவர் அதை எப்படி ஓடுவார்? சாவியைக் கொடுத்தது அவர் பிழை. அதை அவர் சொல்லுவார். மற்றதைச் சொல்ல வேண்டியவர் அவரில்லை.

அம்மா இன்று வரை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் அறிந்ததெல்லாம் படத்திலிருந்தும், உங்கள் கடிதங்களிலிருந்தும், அம்மா நின்ற விதத்திலிருந்தும்தான். தந்த வாக்கை அம்மா ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

போன கிழமை மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டா, "கோட்டில சாட்சி சொல்லேக்க வேதப்புத்தகத்தில கை வைச்சுத்தானோ சொல்ல வேணும்?" ஓம் என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தா. "கை வைக்காமல் சொல்ல ஏலாதோ பிள்ளை?" என்றா. அதன் பிறகு அந்த வலக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக் கையால் தண்ணீர் எடுத்துக் குடித்தா.

புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் தொடங்குகிறது. பாதர் நெற்றியில் சாம்பல் பூச அம்மா போவா. நன்மைக்கு எழும்புவாவா என்று தெரியாது.

உங்கள் சுகத்துக்கும் மாமியின் சுகத்துக்கும் நானும் மன்றாடுகிறேன். எப்போதும் உங்கள் மருமகள்,

ஆன்சலா

பெயரைப் போட்ட பிறகும் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒக்ரோபரிலிருந்து கேட்க நினைத்தது என்ன என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. காசும் இல்லை, நீங்கள் எந்த சீற்றில் இருந்தீர்கள் என்பதும் இல்லை. வருகிற ஞாயிறு நீங்கள் போன் எடுக்கும்போது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, போனை அம்மாவின் கையில் கொடுத்து, நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பேன், எனக்கு ஒன்றும் கேட்காது. சுகம் விசாரித்து முடிந்ததும் அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மாமா: "அக்கா, உன்ர வாக்கு முடிஞ்சுது. நடந்ததைச் சொல்லு."